பிரென்ட்ஃபோர்டில் காகிதம் வாசிக்கும் பியானோக்கள்

மேற்கு லண்டனில் கியூ பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது பழைய நீரேற்று நிலையத்தின் உயர்ந்த கோபுரம். அதைக் கடந்து பிரென்ட்ஃபோர்டு ஹை ஸ்ட்ரீட்டில் சில நிமிடம் நடந்தால் 399ஆம் எண் கட்டடம் வரும். அதுதான் மியூசிக்கல் மியூசியம். ஆற்றுக்கு அக்கரையில் கியூ தாவரவியல் பூங்கா. லண்டனுக்கு வரும் நம்மவர்கள் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாலத்தைக் கடந்து இக்கரைக்கு வந்தால், விரல் படாமல் வாசிக்கும் பியானோக்களும் வயலின்களும் ஆர்கன்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பார்ப்பதற்கு மட்டும் என்றால் நான் போயிருக்க மாட்டேன். இங்கே அவற்றை வாசித்துக் காட்டுகிறார்கள்.

இந்த இடத்தைத் தொடங்கியவர் ஃபிராங்க் ஹாலந்து. 1963இல், இதே தெருவில் வழிபாடு நின்றுபோயிருந்த புனித ஜார்ஜ் தேவாலயத்தில், பிரிட்டிஷ் பியானோ மியூசியம் என்ற பெயரில் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் இவ்வகை வாத்தியங்களுக்கு மதிப்பே இல்லை. பியானோவுக்குள் இருந்த இயந்திரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் பியானோவாக விற்றார்கள். காகிதச் சுருள்களைக் குப்பையோடு சேர்த்து எரித்தார்கள். ஹாலந்து அவற்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார். தேவாலயத்துக்குள் வாத்தியங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றனவாம். இப்போதைய கட்டடம் இதற்கென்றே கட்டப்பட்டது. 2007இல் திறந்தார்கள். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

என்னோடு வந்தவன் என் அக்கா மகன். லண்டனில் கணினி அறிவியல் படிக்கிறான். எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தன்னார்வலர். ஒவ்வொரு வாத்தியத்தின் முன்னாலும் நின்று, இரண்டு வார்த்தை சொல்லி, உடனே அதை வாசிக்க வைத்தார். நீளமாகப் பேசவில்லை. வாத்தியம் பேசட்டும் என்ற நினைப்பு அவரிடம் இருந்தது.

தொடக்கத்தில் பித்தளை உருளையில் முள் பதித்த இசைப் பெட்டிகள், துளையிட்ட உலோகத் தட்டு சுழலும் பெட்டிகள். அழகானவைதான். ஆனால் உருளையில் பதித்த பாட்டு உருளையோடு முடிந்தது. ஆறு பாட்டு இருந்தால் ஆயுசுக்கும் அந்த ஆறுதான். தட்டை மாற்றலாம், ஆனாலும் ஒரு சுற்றோடு பாட்டு தீர்ந்துவிடும். காகிதம் வந்த பிறகுதான் இந்தக் கட்டு அறுந்தது. காகிதம் மலிவு, லேசானது, எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் சுற்றலாம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து வெல்டே கம்பெனி, 1883இல் இதற்குக் காப்புரிமை வாங்கி, முள் உருளைகளைக் கைவிட்டுக் காகிதச் சுருளுக்கு மாறியது.

அடுத்து தன்னார்வலர் எங்களைப் பியானோலா என்ற காகிதச் சுருள் பியானோவின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். பார்ப்பதற்குச் சாதாரண நிமிர்ந்த பியானோ. முன்பலகையில் இரண்டு சிறிய சறுக்குக் கதவுகள். திறந்தால் மேலே காகிதச் சுருள், கீழே அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும் உருளை, இரண்டுக்கும் நடுவில் குறுக்காக ஒரு பித்தளைப் பட்டை. பட்டையில் வரிசையாக 88 சிறு துளைகள், பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்று. காகிதம் 11¼ அங்குல அகலம். 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி இந்த அகலத்தையும், அங்குலத்துக்கு ஒன்பது துளை என்ற கணக்கையும் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்பு ஒரு கம்பெனியின் சுருள் இன்னொரு கம்பெனியின் பியானோவில் ஓடும் என்று நம்ப முடியாது. போட்டிக் கம்பெனிகள் அன்றே உட்கார்ந்து பேசி இந்த முடிவுக்கு வந்ததால்தான், நூறு ஆண்டுக்கு முந்திய சுருளை இன்று எந்தப் பியானோலாவிலும் மாட்ட முடிகிறது.

உள்ளே நடப்பது என்ன? ஹார்மோனியத்தின் துருத்தி காற்றை வெளியே தள்ளி உலோக நாக்குகளை அதிரவைக்கும். இங்கே துருத்தி செய்வது அதற்கு நேர்மாறான வேலை. காலடியில் இருக்கும் இரண்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கும்போது, பெட்டிக்குள் இருக்கும் காற்றை அது உறிஞ்சி வெளியேற்றுகிறது. காகிதம் பித்தளைப் பட்டையை மூடியிருக்கும்வரை ஒன்றும் நடக்காது. காகிதத்தின் துளை நகர்ந்து வந்து பட்டையின் துளைக்கு நேரே நிற்கும் கணத்தில், வெளிக்காற்று ஒரு குழாய்க்குள் பாய்கிறது. குழாயின் முடிவில் மிக மெல்லிய தோல் சவ்வு ஒன்று உப்புகிறது. அது ஒரு வால்வைத் தூக்குகிறது. வால்வு தூக்கியதும் ஒரு குட்டித் துருத்தியின் காற்று உறிஞ்சப்பட்டு அது படக்கென்று மூடிக்கொள்கிறது. மூடும் வேகத்தில் பியானோவின் சுத்தியலை இயக்குகிறது. 88 கட்டைக்கும் 88 சவ்வு, 88 வால்வு, 88 துருத்தி. காகிதத்தைச் சுற்றும் மோட்டாரும் அதே உறிஞ்சு காற்றில்தான் ஓடுகிறது. மின்சாரத்துக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

இந்த வழியில் முதல் பியானோலாவை உருவாக்கியவர் எட்வின் வோட்டி. 1895, டெட்ராய்ட். அவர் செய்தது பியானோ அல்ல, பியானோவின் முன்னால் தள்ளிக்கொண்டுபோய் வைக்கும் ஒரு தனிப் பெட்டி. அதன் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் 65 மர விரல்கள் பியானோவின் கட்டைகளை அழுத்தும். ஏயோலியன் கம்பெனி அதை 250 டாலருக்கு விற்றது. சில ஆண்டுகளில் அந்த இயந்திரம் பியானோவுக்குள்ளேயே போய்விட்டது. ஏயோலியனின் பிரிட்டிஷ் தொழிற்சாலை இருந்தது ஹேய்ஸில். சவுத்தாலுக்கு அடுத்த ஊர். பிரென்ட்ஃபோர்டிலிருந்து அதிக தூரமில்லை.

துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் கேட்டான்: "மாமா, துளை இருந்தா ஒன்று, இல்லாட்டி பூஜ்யம். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். இந்த வழிமுறை இசைக்கு முன்பு துணியில் இருந்தது. பட்டு நெசவுக்குப் பேர்போன பிரான்ஸின் லியோன் நகரில், ஜோசஃப் மரி ஜக்கார் 1804ஐ ஒட்டி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூலைத் தூக்கும் தறியை உருவாக்கினார். காஞ்சிபுரத்தில் தறியின் மேல் ஏற்றியிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் புரள்வதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே துளை இருக்கும் இடத்தில் நூல் எழும்பிப் புட்டாவும் கரையும் விழுகின்றன. இங்கே துளை இருக்கும் இடத்தில் சுத்தியல் எழும்பிச் சுரம் விழுகிறது. ஒரே குடும்பத்து இயந்திரங்கள். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் பயன்படுத்திய துளை அட்டையும் இதே குடும்பம். கணினி அங்கிருந்து கிளைத்தது.

இனி வருவதுதான் இந்தப் பயணத்தில் நான் மிகவும் ரசித்தது. தன்னார்வலர் ஷோபானின் ஒரு நாக்டர்ன் சுருளை மாட்டினார். கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரே சீராக மிதித்தார். எல்லாச் சுரமும் சரியான இடத்தில் விழுந்தன. ஒன்றும் தப்பவில்லை. கேட்கத்தான் முடியவில்லை. எல்லாம் ஒரே கனம், ஒரே நடை. முடிந்ததும் சுருளைத் திரும்பச் சுற்றினார். "இப்போது நான் வாசிக்கிறேன், கேளுங்கள்" என்றார்.

இந்த முறை கைகள் கட்டைகளுக்கு முன்னாலிருந்த சிறு நெம்புகோல்களில் இருந்தன. ஒன்று நடையைக் கூட்டிக் குறைப்பது. ஒன்று கீழ்ப்பாதியின் சத்தத்தை அடக்குவது, இன்னொன்று மேல்பாதிக்கு. மற்றொன்று பியானோவின் நாதத்தை நீளவிடுவது. கால்கள் முன்பு போல் மிதிக்கவில்லை. மெல்லிசை வரும் இடத்தில் ஓர் அழுத்தம், அடுத்த கணம் விடுவிப்பு. காகிதத்தின் மேல் வளைந்து வளைந்து ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அதன் மேலேயே நெம்புகோலின் முள் நகர்ந்தது. நடை எங்கே தளர வேண்டும், எங்கே முந்த வேண்டும் என்று ஒரு தேர்ந்த இசைஞர் வரைந்து கொடுத்த வழி அது. காகிதத்தின் ஓரங்களில் இரட்டை இரட்டையாகச் சின்னத் துளைகளும் இருந்தன. கூட்டமாக ஒலிக்கும் சுரங்களிலிருந்து பாட்டின் சுரத்தை மட்டும் தூக்கிக் காட்ட அவை உதவுகின்றன. அதே சுருள், அதே பியானோ. ஆனால் இந்த முறை அந்த நாக்டர்னுக்கு மூச்சு இருந்தது. மருமகன் செல்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நின்று கேட்டான்.

தானாக வாசிக்கும் பியானோ என்று நாம் சொல்கிறோம். நல்ல பியானோலா தானாக வாசிப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டு வாசிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். சுரம் எதுவென்று காகிதம் சொல்கிறது. எப்படி என்பது மிதிப்பவரின் கையிலும் காலிலும் இருக்கிறது. அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். 1912 ஜூன் 14 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில், ஆர்தர் நிகிஷ் நடத்திய லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு, ஈஸ்ட்ஹோப் மார்ட்டின் என்பவர் பியானோலாவில் க்ரீக்கின் கான்செர்ட்டோவை வாசித்தார். நூறு பேர் வாசிக்கும் குழுவோடு, நடத்துனரின் கைக்கோலுக்கு ஈடு கொடுத்து, காகிதத்தை ஓட்டுவது விளையாட்டுக் காரியம் அல்ல. லண்டனைச் சேர்ந்த ரெக்ஸ் லாசன் நம் காலத்திலும் இதை மேடைக் கலையாகவே நடத்திக் காட்டியவர்.

இதற்கு அடுத்த படி, நடையையும் கனத்தையும்கூடக் காகிதத்திலேயே எழுதிவிடுவது. 1904இல் ஃப்ரைபுர்க்கில் எட்வின் வெல்டேயும் கார்ல் பொக்கிஷும் கொண்டுவந்த வெல்டே-மிக்னான் அதைச் செய்தது. பெரிய பியானோ கலைஞரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, அவர் எந்தக் கட்டையை எப்போது தொட்டார், எப்போது விட்டார், எவ்வளவு பலமாக அடித்தார் என்பதை எல்லாம் பதிந்துகொண்டார்கள். குஸ்தாவ் மாலர் இசை நடத்துனராக உலகப் புகழ் பெற்றவர். அவர் நடத்திய குழுவின் ஒலி எந்த இசைத்தட்டிலும் இல்லை. 1905 நவம்பர் 9 அன்று லைப்சிக் நகரில் அவர் பியானோவில் வாசித்த நான்கு துண்டுகள் வெல்டே சுருளில் இருக்கின்றன. மாலர் தாமே வாசித்தது என்று நம்மிடம் இருப்பது அவ்வளவுதான். ஃப்ரைபுர்க் மீது 1944 நவம்பர் 27 அன்று விழுந்த குண்டுகள் வெல்டே தொழிற்சாலையை அழித்தன. விற்றுப்போய் வீடு வீடாகச் சிதறிக் கிடந்த சுருள்கள் தப்பித்தன.

அமெரிக்காவில் இதே வேலையைச் செய்தது ஏயோலியனின் டுவோ-ஆர்ட், அதற்குப் போட்டியாக ஆம்பிக்கோ. ராக்மானினாஃப் ஆம்பிக்கோவில் வாசித்தார். ஜார்ஜ் கெர்ஷ்வின் தமது 'ராப்சடி இன் ப்ளூ'வை 1925இலும் 1927இலும் டுவோ-ஆர்ட்டில் இரண்டு பகுதிகளாகப் பதிந்தார். தனி பியானோவின் பங்கையும் வாத்தியக் குழுவின் பங்கையும் தாமே வாசித்துச் சேர்த்ததால், சில இடங்களில் இரண்டு கைக்கு அடங்காத கட்டைகள் ஒரே நேரத்தில் இறங்குகின்றன.

டுவோ-ஆர்ட் பொருத்திய ஸ்டெயின்வே கிராண்டில் அந்தச் சுருளைக் கேட்டபடி நாங்கள் நின்றபோது, கனத்தைக் காகிதம் எப்படிச் சொல்கிறது என்று மருமகன் விடாமல் கேட்டான். தன்னார்வலர் சுருளின் இடது ஓரத்தைக் காட்டினார். நான்கு துளை வரிசை. வலது ஓரத்திலும் நான்கு. ஒவ்வொரு நான்கும் அடுக்கடுக்காக மடியும் ஒரு துருத்தியின் நான்கு மடிப்புகளை இயக்குகின்றன. முதல் மடிப்பு ஒரு பங்கு சுருங்கும், அடுத்தது இரண்டு பங்கு, அடுத்தது நான்கு, கடைசி எட்டு. எதையும் சுருக்காமல் விட்டால் பூஜ்யம், எல்லாவற்றையும் சுருக்கினால் பதினைந்து. ஆக மொத்தம் 16 படிக் கனம். மருமகன் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "நாலு பிட், மாமா. முதல் உலகப் போருக்கு முன்னாடியே இதைத் துருத்தியில செஞ்சிருக்காங்க" என்றான். அவனுக்கு அன்றைய பயணத்தின் உச்சம் அதுதான்.

அப்படியானால் ஸ்டெயின்வேயில் நாங்கள் கேட்டது கெர்ஷ்வின்தானா? என் கணிப்பைச் சொல்கிறேன். நேரத்தை நம்பலாம், கனத்தைப் பாதி நம்பலாம். டுவோ-ஆர்ட்டில் கலைஞர் வாசிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்த பதிவாளர் காதால் கேட்டுக் குமிழ்களைத் திருகிக் கனத்தைக் குறித்தார். பிறகு கலைஞரும் தொகுப்பாளரும் சேர்ந்து திருத்தினார்கள். தப்பிய சுரத்துக்குத் துளையை ஒட்டி மூடினார்கள், விட்டுப்போன சுரத்துக்குப் புதிதாகக் குத்தினார்கள். ஆக அது கலைஞர் சம்மதித்துக் கையெழுத்திட்ட வாசிப்பு. ஆனால் அதற்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. அந்தக் காலத்து இசைத்தட்டில் இரைச்சலுக்குப் பின்னாலிருந்து பியானோ கேட்கும். இங்கே நல்ல பியானோ ஒன்று நம் முன்னால் நேரடியாக ஒலிக்கிறது. தந்தி அதிர்வது காலடித் தரையில் தெரிகிறது. எந்த ஒலிப்பெருக்கியும் இதைத் தராது.

வயலின்களிடம் வருவோம். லைப்சிக்கின் ஹுப்ஃபெல்ட் கம்பெனி 1908இல் வெளியிட்ட ஃபோனோலிஸ்ட்-வயோலினா, பியானோவின் தலைமேல் ஓர் அலமாரி. அதற்குள் மூன்று உண்மையான வயலின்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றைச் சுற்றி வளையமாக ஒரு வில், உட்பக்கம் முழுக்க நெருக்கமாகக் கட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைவால் மயிர்கள். வில் நிற்காமல் சுழலும். வில் வயலினைத் தேடி வருவதில்லை, வயலின்தான் சாய்ந்து வில்லைத் தொடுகிறது. ஒவ்வொரு வயலினிலும் ஒரே ஒரு தந்திதான் ஒலிக்கும். காற்றால் இயங்கும் குட்டி விரல்கள் தந்தியை அழுத்துகின்றன. வில்லின் வேகம் மாறி ஒலி பெருகுகிறது, தணிகிறது. கீழே பியானோ பக்கவாத்தியம் வாசிக்கிறது. 1910 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இதைப் பார்த்தவர்கள் வியந்துபோனதில் ஆச்சரியமே இல்லை. நானும் வாய் திறந்து நின்றேன். பியானோவுக்கு ஒரு சுரம் என்றால் ஓர் அடி. வயலினுக்கு எழுப்பிய சுரத்தை வைத்திருந்து வளர்க்க வேண்டும். அதையும் காகிதத்துக்குள் கொண்டுவந்தவர்களின் துணிச்சலை என்ன சொல்வது!

சிகாகோவின் மில்ஸ் கம்பெனி செய்த வயலானோ-வெர்ச்சுவோசோ வேறு வழியில் போனது. அதில் காற்றில்லை, மின்காந்தங்கள். வயலின் ஒன்றே, தந்தி நான்கு, வில்லுக்குப் பதிலாகச் சுழலும் சிறு சக்கரங்கள். கடைகளில் காசு போட்டுக் கேட்கச் செய்தது. திடமான இயந்திரம். ஆனால் நாதத்தில் வயோலினாவுக்கு ஈடாகாது என்று என் காதுக்குப் பட்டது.

கர்நாடக சங்கீதத்தைக் கேட்டு வளர்ந்த காதோடு வயோலினாவின் முன் நின்றால் ஒன்று சட்டென்று விளங்கும். அந்தக் குட்டி விரல் ஒவ்வொன்றும் தந்தியில் ஒரே இடத்தைத்தான் தொடும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதற்கு வழியில்லை. அதிர்வு கொடுக்க ஏற்பாடு உண்டு, கமகம் கொடுக்க இல்லை. தோடியின் காந்தாரத்தை இந்த இயந்திரத்திடம் கேட்க முடியாது. இது குறை அல்ல. அது பிறந்த இசையில் சுரங்கள் பெரும்பாலும் தனித்தனிப் படிகளாக நிற்பவை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை போதும். நம் இசையின் உயிர் இரண்டு துளைகளுக்கு இடையில் இருக்கிறது. ஒரு இசையைத் துளையாக எழுத முடிவதும் முடியாததும் அந்த இசையின் இயல்பைப் பற்றியே பேசுகின்றன என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

காகிதத்தை மட்டுமே நம்பிப் புதிய இசை எழுதியவரும் இருக்கிறார். கான்லன் நான்காரோ அமெரிக்கர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையோடு நின்று சண்டையிட்டவர். அதற்காகத் தாய்நாடு பாஸ்போர்ட் மறுத்ததால் 1940இல் மெக்சிகோ நகரத்துக்குப் போய் அங்கேயே வாழ்ந்தார். மனிதக் கையால் வாசிக்க முடியாத லயங்களைக் காகிதச் சுருளில் கையாலேயே குத்திக் குத்தி எழுதினார். சில நிமிட இசைக்கு மாதக் கணக்கில் வேலை. அவருடைய 36ஆம் ஸ்டடியில் ஒரே மெல்லிசை நான்கு குரலாக 17, 18, 19, 20 என்ற விகிதத்தில் ஒன்றையொன்று துரத்துகிறது. திஸ்ர, கண்ட, மிஸ்ர நடைகளுக்குப் பழகியவர்கள் அதை அவசியம் கேட்க வேண்டும். லய கணக்கில் நாம் விரலெண்ணும் இடத்தைத் தாண்டி அவர் எங்கோ போயிருக்கிறார்.

சுருள் அலமாரியின் முன்னால் நெடுநேரம் நின்றோம். நீள்சதுர அட்டைப் பெட்டிகள் தரையிலிருந்து உயரம் வரை. இந்தக் காகிதத்தைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருக்கிறது. 1908இல், ஒயிட்-ஸ்மித் என்ற இசைப் பதிப்பாளர் தொடுத்த வழக்கில், துளைச் சுருளை மனிதன் கண்ணால் பார்த்து இசையாகப் படிக்க முடியாது, எனவே அது பாட்டின் பிரதி அல்ல, சுருள் கம்பெனி இசையமைப்பாளருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு சுருளுக்கும் இரண்டு சென்ட் உரிமைத்தொகை வைத்தார்கள். இசைத்தட்டு, ஒலிநாடா, இன்றைய செல்பேசிப் பாட்டு என்று எல்லாவற்றிலும் இசையமைப்பாளருக்குப் போய்ச் சேரும் பங்கு அந்த இரண்டு சென்டிலிருந்து வளர்ந்தது.

துளைச் சுருளின் இன்னொரு கிளை வானொலியில் போய் முடிந்தது. 1942 ஆகஸ்ட் 11 அன்று ஹாலிவுட் நடிகை ஹெடி லமாருக்கும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெய்லுக்கும் ஒரு காப்புரிமை கிடைத்தது. நீர்மூழ்கிக் குண்டைச் செலுத்தும் வானொலிச் சமிக்ஞையை எதிரி குலைக்க முடியாதபடி, அலைவரிசையைத் தாவித்தாவி மாற்றும் திட்டம். அனுப்புபவரிடமும் குண்டிலும் ஒரே மாதிரித் துளைச் சுருள் ஒன்றாக ஓட வேண்டும். அலைவரிசைகள் எத்தனை? பியானோவின் கட்டைகள் போல 88. பல பியானோலாக்களை ஒன்றாக ஓட்ட வேண்டிய 'பாலே மெக்கானிக்' இசையை எழுதி அவதிப்பட்ட ஆன்தெய்லுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

மாடியில் கச்சேரி அரங்கம். கிங்ஸ்டன் ரீகல் சினிமாவில் இருந்த வுர்லிட்சர் ஆர்கன் அங்கே இருக்கிறது. வாசிப்பவரோடு சேர்ந்து தரைக்கடியிலிருந்து எழும்பி வருகிறது. பார்க்கப் பெரிய காட்சி. குழந்தைகளை அழைத்துப்போகிறவர்கள் அதைத் தவறவிட வேண்டாம். எனக்கு மனம் கீழே பியானோலாவிடமே இருந்தது.

கீழே வந்ததும் தன்னார்வலர் பிரித்து வைத்திருந்த ஒரு குட்டித் துருத்தியைக் கையில் கொடுத்தார். இரண்டு மரத்துண்டு, சுற்றி ரப்பர் பூசிய மெல்லிய பருத்தித் துணி. துணி கெட்டியாகி, மடித்த இடத்தில் ஒடிந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு இதுதான் கதி. நாளாக ஆகக் காற்று கசியும். ஒரு பியானோவுக்கு இப்படி 88ஐயும் கழற்றி, துணியைக் கிழித்து, சுரண்டி, புதிதாக ஒட்ட வேண்டும். தோல் சவ்வுகளையும் அப்படியே. பழைய தச்சர்கள் விலங்குப் பசையால் ஒட்டினார்கள். சூடும் ஈரமும் பட்டால் அது விட்டுக்கொடுக்கும், பிரித்து மறுபடி ஒட்டலாம். நடுவில் பழுதுபார்த்தவர்கள் சிலர் கைக்குக் கிடைத்த புதுப் பசையைப் போட்டு விட்டார்களாம். அதைப் பிரித்தால் மரமே பிளந்துவிடுகிறது. "அடுத்து வருபவர் இதைத் திறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து ஒட்ட வேண்டும்" என்றார் அவர்.

காகிதத்துக்கும் வயதாகிறது. அமிலம் கலந்த மலிவுக் காகிதம் ஓரத்திலிருந்து உதிரத் தொடங்குகிறது. ஓரம் போனால் சுருள் நேராக ஓடாது, பக்கத்துத் துளையில் காற்று நுழைந்து தப்பான சுரம் விழும். ஆகவே அரிய சுருள்களை ஓட்டுவதே தப்பு, பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மூலச் சுருளைப் படியெடுத்து, அதே துளைகளோடு புதுக் காகிதத்தில் குத்தி, அதை ஓட்டலாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான சுருள்களைப் படமெடுத்து வருகிறது. கோப்பு பத்திரமாக இருக்கட்டும், நல்லது. ஆனால் வாத்தியத்தை நிறுத்திவிட்டால் தோல் இறுகும், வால்வு ஒட்டிக்கொள்ளும், அதை மிதிக்கத் தெரிந்த கடைசி ஆளும் போய்விடுவார். 1923இல் அமெரிக்காவில் செய்த பியானோக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த வகை. வானொலியும், மின்சாரத்தில் பதிந்த இசைத்தட்டும், 1929இன் பொருளாதாரச் சரிவும் பத்தே ஆண்டில் அந்தத் தொழிலை முடித்துவிட்டன. தொழில் போனபோது கைவேலை தெரிந்தவர்களும் போனார்கள். இன்று பிரென்ட்ஃபோர்டில் அதைத் தாங்கிப் பிடிப்பவர்கள் சம்பளம் வாங்காத வயதானவர்கள். எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் மருமகனிடம், "இங்கே வந்து கற்றுக்கொள்ள உனக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவன் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

லண்டன் போகிறவர்கள் அருங்காட்சியகம் திறக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள், வாசித்துக் காட்டும் நேரத்துக்குப் போங்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலைவாசத் தலத்துப் பங்களாவிலோ, பழைய பள்ளியிலோ, மன்றத்திலோ தூசி படிந்த பியானோ ஒன்று கண்ணில் பட்டால் முன்பலகையில் சறுக்குக் கதவு இருக்கிறதா, கீழே மடங்கிக் கிடக்கும் மிதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மிதித்துப் பார்க்க வேண்டாம், காய்ந்த தோல் கிழிந்துவிடும். உள்ளே இருக்கும் இயந்திரத்தைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். சுருள் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டில் அதன் பசை காகிதத்தையே தின்றுவிடும். பெட்டியோடு உலர்ந்த இடத்தில் வைத்து, சுருளின் முகப்பில் அச்சிட்டிருக்கும் பெயரையும் எண்ணையும் படமெடுத்து, தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள்.